திருநீறு பூசி மறைத்த வைத்தியம்

விசைத்தறிக் கொட்டகைக்குள் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாது. உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். அதனால், என் அண்ணன் தறி முன்னால் நின்று தனியாக வாயசைத்துக்கொண்டிருந்ததை ஏறக்குறைய ஒரு வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை, பக்கத்துத் தறியில் நின்ற நான் உட்பட. ஒருநாள் கரண்ட் போய்த் தறிகளெல்லாம் நின்றன. அண்ணன் குரல் மட்டும் நிற்கவில்லை. அங்கே இல்லாத யாரிடமோ, தன்னை விட்டுவிடும்படி கெஞ்சிக்கொண்டிருந்தான்.

காற்று கருப்பு பட்டிருக்கிறது என்றது எங்கள் ஆர்.கே.பேட்டைத் தெரு. காற்று கருப்பு என்றால் இரக்கப்படுவார்கள். மெண்டல் டாக்டரிடம் போனான் என்று தெரிந்தால் அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். திருத்தணியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் ஒருநாள் அந்த டாக்டர் வருவார். நான் தெருவில் "மலைக்குப் போய்ட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு, தேங்காய்ப் பையோடு அண்ணனை அழைத்துப் போவேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் திருநீறு வாங்கி இருவர் நெற்றியிலும் பட்டையாகப் பூசிவிடுவேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாத்திரை வேலை செய்தது. இரண்டாம் மாதம், குழம்பில் உப்பில்லை என்று அண்ணன் என்னைத் திட்டினான். எத்தனை நாளாயிற்று அவன் திட்டி! அடுப்படியில் போய் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

மூன்றாம் மாதம் டாக்டர் வரும் நாளும் கிருத்திகையும் ஒன்றாக வந்து தொலைந்தன.

"உங்க அண்ணனையே நல்லா பண்ணிட்டாரு முருகன். எங்க ஊட்டுக்காரரையும் இட்டுகினு வர்றேன், ஒண்ணாவே போலாம்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. அவள் புருஷன் குடியை விடவேண்டுமாம். இன்னும் ஏழு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் "நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று சொல்லியிருக்கலாம். எல்லாரோடும் படியேறினோம். வரிசை நகரவே இல்லை. சாமியைப் பார்க்க வந்தவள் செல்போனில் மணியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீழே இறங்கி ஓடியபோது டாக்டர் கிளம்பிப் போயிருந்தார்.

"அவரு பாக்காம மாத்திர குடுக்க முடியாதும்மா. அடுத்த மாசம் வாங்க" என்றார் மருந்து தருபவர். பழைய சீட்டைப் பார்த்து மெடிக்கல் கடைக்காரரும் கையை விரித்தார். அத்தனை பேர் மேலும் எரிச்சல் வந்தது. என் மேல் வந்தது எரிச்சல் இல்லை, அருவருப்பு.

அடுத்த மாதம் டாக்டரே வரவில்லை. மாற்றலாகிவிட்டாராம், புதியவர் எப்போது வருவார் என்று தெரியாதாம். சென்னைக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். அதற்குள் அண்ணன் வாசற்படி தாண்டவே மறுத்தான். "இன்னொரு வாட்டி மலைக்கு இட்டுகினு போ" என்கிறாள் அந்த அக்கா. அவளிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.

போன வாரம் சாப்பாட்டுத் தட்டை அவன் முன்னால் வைத்து, "அண்ணா, துண்ணு" என்றேன். காதைப் பொத்திக்கொண்டான்.

"யாரு பேசுறது?"

"நான்தாண்ணா. உன் தங்கச்சி."

என் முகத்தை வெகுநேரம் பார்த்தான்.

"அவங்களும் அப்டித்தான் சொல்றாங்க" என்றான்.