புடவையைத் தின்னாத பெடல்

என் வலது கால் வாரம் முழுக்க பிரேக்கின் மேல்தான் குடியிருக்கிறது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் பக்கம் உள்ள ஆபீசுக்குக் காரில் போய்த் திரும்புகிறவள் நான். வண்டலூர் ரோட்டில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேரும்போது கெண்டைக்கால் கல்லாகியிருக்கும். அந்தக் காலிடம்தான் ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க வேண்டும் என்று நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்குத் தோன்றியது.

எங்கள் சர்ச்சில் ட்ரம்ஸ் வாசித்தவர் வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் போய்விட்டார். ட்ரம் செட் பழைய திரைச்சீலை ஒன்றைப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒரு பட்டனைத் தட்டுவார், தாளம் தானாக வரும். பிழையே இல்லாத தாளம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆபீஸ் லிஃப்டில் நிற்பது போலவே இருக்கும். மேற்குத் தாம்பரத்தில் பள்ளிப் பிள்ளைகள் ட்ரம்ஸ் கற்றுக்கொள்ளும் மாடி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். சில மாதம் கழித்து, சர்ச்சில் நான் வாசிக்கட்டுமா என்று ஆயரிடம் போய்க் கேட்டேன்.

“கொஞ்ச வாரம் வாசிச்சுப் பாருங்கம்மா. சரியா வரலேன்னா இருக்கவே இருக்கு கீபோர்டு ரிதம்” என்றார்.

பட்டனுக்கும் எனக்கும்தான் போட்டி என்று அப்போதே தெரிந்துபோயிற்று. தோற்றால் ட்ரம் செட் மறுபடி திரைச்சீலைக்குள் போகும். நான் மறுபடி லிஃப்டுக்குள் போவேன்.

செட்டில் இருந்த பெடலுக்கு ஸ்பிரிங் போயிருந்தது. தையல் மெஷினில் இருப்பது போல ஒரு மிதிபலகைதான் இந்தப் பெடல். மிதித்தால் ஒரு கோல் பாய்ந்துபோய் பேஸ் ட்ரம்மை அடிக்கும். இதுவோ மிதித்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

எதை வாங்குவது என்று வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். எல்லாரும் வெளிநாட்டு ஆண்கள், எல்லார் காலிலும் ஷூ. பலகையையும் கோலையும் இணைப்பது செயினா பெல்ட்டா என்று சொத்துத் தகராறு போலச் சண்டை போட்டார்கள். சைக்கிள் செயின் மாதிரி இருந்தால் அடி பலமாக விழுமாம், காலத்துக்கும் உழைக்குமாம். துணி பெல்ட் என்றால் மென்மை, அது கத்துக்குட்டிகளுக்கு என்று ஒருவர் சிரித்தார். கத்துக்குட்டி என்று என்னை நான் நினைத்துக்கொள்ளவில்லை. யாரோ சிரித்ததற்காக ஒரு முடிவு எடுத்தேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

“கால் வலிக்குது, கால் வலிக்குதுன்னு தினமும் சொல்றே. அப்புறம் அதே கால்ல எதுக்கு இதை வேற மிதிக்கணும்?” என்று என் கணவர் கேட்டார்.

நியாயமான கேள்வி. தைலத்தை எடுத்துத் தரச் சொன்னேன்.

ஆபீஸ் முடிந்து வரும் வழியில், சுடிதாரும் ஷூவுமாக இசைக்கருவிக் கடை ஒன்றில் ஏறினேன். கடைக்காரர் ஒரு பெடலைத் தரையில் வைத்தார்.

“டபுள் செயின் மேடம். உங்களுக்கு அப்புறமும் வரும்.”

மிதித்துப் பார்த்தேன். ஷூவுக்குக் கீழே கம்பீரமாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

அந்த ஞாயிறு திருவிருந்து ஆராதனை. பாடகர் குழுவில் பெண்கள் எல்லாரும் வெள்ளைப் புடவை கட்ட வேண்டும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவது எங்கள் வழக்கம். பிறந்ததிலிருந்து செய்கிற காரியம் என்பதால் யோசிக்கவே இல்லை. வெறுங்காலைப் பெடலில் வைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பலகை முழுக்க வரிவரியாகப் பள்ளமும் ஓட்டையும். தேங்காய்த் துருவியின் மேல் காலை வைத்தது போல இருந்தது. முதல் பாட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். இரண்டாம் பாட்டின் நடுவில் பெடல் கீழே போனது, மேலே வரவில்லை. குனிந்து பார்த்தால் புடவையின் கீழ்க்கரை செயினுக்குள். இழுத்தேன், இன்னும் உள்ளே போயிற்று. வெள்ளைப் புடவையில் கருப்பாக எண்ணெய்.

கீபோர்டு தம்பி ஒரே பார்வை பார்த்தார், பட்டனைத் தட்டினார். பாட்டு ஒரு இம்மிகூடத் தடுமாறவில்லை. மீதி ஆராதனை முழுவதும் அந்த ஸ்டூலில் கட்டிப்போட்ட ஆடு போல உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும், முன் வரிசையில் உட்காரும் ஓய்வுபெற்ற டீச்சர் ஆன்ட்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னைக்கு ட்ரம்ஸ் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. அப்படியே அளந்து வச்ச மாதிரி.”

அளந்து வைத்தது கீபோர்டு. நான் தலையாட்டினேன். அந்தத் தம்பி, கத்தரிக்கோலால் என் புடவையை விடுவித்துக்கொண்டே, “நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதும் உடம்பு ஆசைப்பட்டது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாரம் முழுக்க நிறுத்துவதற்கு மட்டுமே பயன்படுகிற கால் இது. இங்கே ஒரு இடத்தில்தான் அது எதையாவது நடத்துகிறது.

அடுத்த சனிக்கிழமை ஒரு பழைய காட்டன் புடவை கட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். செருப்பை வாசலில் கழற்றினேன்.

“மேடம், செருப்போடயே வரலாம்.”

“இல்லங்க, இப்படித்தான் பார்க்கணும். பெல்ட் வச்சது காட்டுங்க.”

“அது பிகினர்ஸுக்கு மேடம்.”

“நான் பிகினர்தான்.”

திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோன பெடலின் செயினில் வெள்ளை நூல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய சாமான் விலைக்குத்தான் எடுத்துக்கொள்வேன் என்றார் கடைக்காரர், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பெல்ட் பெடலின் பலகை வழவழப்பாக இருந்தது. கொசுவத்தை வேண்டுமென்றே அதன் மேல் இழுத்துப் போட்டு மிதித்தேன். புடவையை அது சீண்டவில்லை. கடைக்கு வந்திருந்த இன்னொருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஞாயிறு காலையில் கால் வழக்கம்போல் கனத்தது. தம்பி கண்ணால் கேட்டார், வேண்டாம் என்று தலையாட்டினேன். ஆனாலும் அவர் விரல் பட்டன் பக்கத்திலேயே இருந்தது. முதல் பாட்டு தப்பித்தது. இரண்டாவதில் மனம் எங்கோ போக, கால் கார்ப் பழக்கத்தில் அழுத்தியபடியே நின்றுவிட்டது. அடுத்த அடி தாமதமாக விழுந்தது. பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு சொல்லில் தடுக்கினார்கள். ஆன்ட்டி முன் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார். தம்பியின் விரல் எழுந்தது. அவரைப் பார்க்காமல் மிதித்தேன், மறுபடி மிதித்தேன், பாட்டு என் காலோடு சேர்ந்துகொண்டது. விரல் இறங்கிவிட்டது.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஆன்ட்டி பக்கத்தில் வந்து நின்றார்.

“ரெண்டாவது பாட்டுல ஒரு இடத்துல தடுக்குச்சே, அது நீயாம்மா?”

“ஆமா ஆன்ட்டி” என்றேன். “நான்தான்.”