மீனாளுக்கு வராத ஆமென்

என் மகன் சூசை பெரியம்மை கண்டு இறந்த பிறகு நான் ஜெபிப்பதை விட்டுவிட்டேன். வாய் மட்டும் ஜெபித்துக்கொண்டிருந்தது. அதுதான் என் வேலை. காரைக்குடியில் சிஸ்டர்கள் நடத்திய பாலர் பள்ளியில் நான் ஆயா. மூக்குத் துடைத்துவிட வேண்டும், கால் கழுவிவிட வேண்டும், சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்ல வேண்டும். அடுத்தவர் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். சாமி மேல்தான் கோபம், பிள்ளைகள் மேல் இல்லை.

நான் ஜெபத்தை முடித்து "ஆமென்" என்றால் எல்லாப் பிள்ளைகளும் "ஆமென்" என்று கத்தும். அப்புறம்தான் தட்டில் கை வைக்கலாம். ஆசாரி வீட்டு மீனாள் மட்டும், எல்லாரும் சொல்லி முடித்த பிறகு தனியாக "ஆமை" என்பாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாய் திறக்க மாட்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் பேசிய ஒரே சொல் அது. சிஸ்டர் பலமுறை திருத்திப் பார்த்தார்.

"ஆமையாவே இருக்கட்டும் சிஸ்டர், சாமிக்குப் புரியும்" என்றேன். நம்பிக்கையில் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சோறு ஆறுகிறதே என்று சொன்னேன்.

1967, ஐப்பசி மாதம். விடாத மழை. மதியம் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுத் தட்டுக் கழுவப் போனேன். திரும்பி வந்தால் மீனாளின் பாய் காலியாகக் கிடந்தது.

பள்ளி நடந்தது வாடகைக்கு எடுத்த பழைய பெரிய வீட்டில். அறைக்குள் அறை. எல்லா அறையிலும் கூப்பிட்டுப் பார்த்தோம். கொல்லைக் கதவு திறந்திருந்தது. அங்கே கிணறு, மழையில் நிரம்பி, கைக்கெட்டும் உயரத்தில் தண்ணீர். சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆள் அனுப்பினோம். மீனாளின் அப்பா வேலை பார்த்த இடத்திலிருந்து ஓடிவந்து கிணற்றில் குதித்தார். அவள் அம்மா என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"எங்குட்டு விட்டீக எம்புள்ளைய? ஒங்கள நம்பித்தானே ஆயா விட்டேன்! சொல்லுங்க, எங்குட்டு விட்டீக?"

மீனாளின் அப்பா கிணற்றில் மூழ்கி மூழ்கி வெறுங்கையோடு எழுந்தார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை வெறுங்கையாகவே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. உள்ளே ஓடி, பால் மாவு வைக்கும் இருட்டறையில் போய் விழுந்தேன்.

சூசைக்குப் பிறகு அன்றுதான் உண்மையாகப் பேசினேன். அழகான ஜெபம் இல்லை. "ஒண்ணு எடுத்தது போதாதா ஆண்டவரே? இதையும் எடுக்கணுமா? இந்தத் தாயை என்னை மாதிரி ஆக்கிடாதேயும்" என்று தலையில் அடித்துக்கொண்டு கதறினேன். பழக்க தோஷத்தில், "ஆமென்" என்றேன்.

"ஆமை."

காது மயங்குகிறது என்று நினைத்தேன். வகுப்பில் சொல்வதுபோல் மறுபடி உரக்க, "ஆமென்!"

"...ஆமை."

சுவரோரம் இருந்த தேக்குப் பெட்டகத்துக்குள்ளிருந்து வந்தது. அதில்தான் பால் மாவு. வெளியே நாதாங்கி மாட்டியிருந்ததால் யாருமே அதைத் திறந்து பார்க்கவில்லை. மாவு தின்ன உள்ளே இறங்கியவள் மேல் மூடி விழுந்திருக்கிறது, விழுந்த வேகத்தில் நாதாங்கி தானாக மாட்டிக்கொண்டிருக்கிறது. திறந்தேன். உடம்பெல்லாம் வேர்வையில் குழைந்த மாவு. உதடு நீலம். தலை என் கையில் துவண்டது.

டாக்டர், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்றார். பிழைத்தாள். மறுநாள் அவள் அப்பா உளியோடு வந்து அந்த நாதாங்கியைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்.

அன்பானவர்களே, சூசைக்காகவும் நான் இதே வாயால்தான் கேட்டேன். அவன் போய்விட்டான். ஏன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் உங்களிடம் நடிக்கவும் மாட்டேன். ஆனால் கோபத்தோடு கதறியதையும் ஆண்டவர் கேட்டார். அன்றிலிருந்து என் வாயும் மனதும் சேர்ந்தே ஜெபிக்கின்றன. அவருக்கு நன்றி.

உங்களுக்கும் மனம் கசந்திருந்தால், கசப்போடே போய்க் கேளுங்கள். ஆமென் சொன்னதும் எழுந்து போய்விடாதீர்கள். கொஞ்சம் காது கொடுத்து இருங்கள்.

மீனாளை அதற்கப்புறம் நாங்கள் யாரும் திருத்தவில்லை.