கோட்டைக்குள் விரித்திருந்த கம்பளம்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நான் வளைகுடா நாடொன்றில், ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் சாரம் கட்டும் பணியிலிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, லிவா பாலைவனப் பக்கம் சரக்கு ஏற்றிச்சென்ற வண்டியில் நானும் என் அறைத்தோழர் ஒருவரும் தொற்றிக்கொண்டோம். வழியில் ஒரு பழைய மண்கோட்டையை அருங்காட்சியகமாக்கி வைத்திருந்தார்கள். வண்டி திரும்பிவரும்வரை அதைப் பார்க்கலாமென்று இறங்கினோம்.

உள்ளே ஓர் அறையில் சிவப்புக் கம்பளம், திண்டுகள், பித்தளைக் காப்பிக் கூஜாக்கள். வாசலில் இருந்த பலகையில் அரபியிலும் ஆங்கிலத்திலும் ஏதோ எழுதியிருந்தது. எங்களுக்கு இரண்டுமே தெரியாது. வருவோர் இளைப்பாறும் கூடமென்றெண்ணி, காலணிகளை வெளியே கழற்றி வைத்துவிட்டு அமர்ந்தோம்.

"மெத்துமெத்துன்னு இருக்குண்ணே! நம்ம ரூம் கட்டிலும் ஒரு கட்டிலா?" என்று தோழர் திண்டில் சாய்ந்தார்.

"ஏ பாய்! உட்டோ, ஜல்தி உட்டோ!" என்று எங்களை எழச்சொல்லிக் கத்திக்கொண்டே பெஷாவர்க்காரரான காவலாளி ஓடிவந்தார். நாங்கள் அமர்ந்திருந்தது காட்சிப் பொருளின் மேல்! கம்பெனிக்குத் தெரிவிப்பதாகக் கூறி, எங்கள் அடையாள அட்டைகளைப் பறித்துக்கொண்டார்.

"முடிஞ்சுச்சுண்ணே. விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு ஏத்திவிடப் போறாய்ங்க" என்று தோழர் முணுமுணுத்தார். மறுமாதம் என் மகளுக்குத் திருமணம். கிடைத்திருந்த விடுப்பும், அதன்பின் திரும்பிவர வேண்டிய வேலையும் அந்த அட்டையோடு போயின என்றே நினைத்தேன்.

கூச்சல் கேட்டு, கோட்டையின் பொறுப்பாளரான அரபுப் பெரியவர் வந்தார். எங்களைப் பார்த்தார், வாசலில் இருந்த காலணிகளையும் பார்த்தார். "மாஃபி முஷ்கில்", பரவாயில்லை என்று சிரித்தார். காலணியைக் கழற்றிவிட்டு மஜ்லிஸில், அதாவது விருந்தினர் கூடத்தில், அமர்ந்தவர்கள் விருந்தாளிகளே, விருந்தாளியை எழுப்புவது தங்கள் வழக்கமன்று என்று அவர் சொன்னதைக் காவலாளி எங்களுக்கு இந்தியில் கூறினார். அட்டைகளையும் திருப்பிக் கொடுத்தார்.

அத்துடன் விடவில்லை. பெரியவர் தம் அறையிலிருந்து பேரீச்சம்பழமும் கஹ்வா என்னும் சூடான அரபுக் காப்பியும் கொண்டுவந்து, எங்களருகே அமர்ந்து ஊற்றினார். மறுப்பது மரியாதையன்று என்று நாங்கள் குடிக்கக் குடிக்க, அவர் ஊற்றிக்கொண்டேயிருந்தார். ஏழாவது கோப்பையில் தோழர் என் காதருகே, "வயிறு வெடிச்சுரும்ணே" என்றார். சற்றுமுன் சீறிய காவலாளியே சிரிப்பை அடக்கியபடி, "கப் ஹிலாவோ, பாய்!" என்று வெறுங்கையை ஆட்டிக் காட்டினார். போதுமென்றால் கோப்பையை ஆட்டித் தர வேண்டுமாம்!

மகளின் திருமணத்திற்குக் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தேன். அந்நாட்டில் பல்லாண்டுகள் வேலையாளாக வாழ்ந்த என்னை ஒரு பிற்பகல் விருந்தாளியாக்கிய அப்பெரியவரை நன்றியோடு நினைக்கிறேன்; அறியாமல் இடம் மாறி அமர்ந்துவிட்ட எவரையும் அதட்டி எழுப்ப, அன்றிலிருந்து எனக்கு மனம் வந்ததில்லை.