கருவாட்டுப் பாயில் காய்ந்த சிப்

கருவாட்டுப் பாயில், சூரைத் துண்டங்களுக்கு நடுவே, நீக்கிலாப்பிள்ளை அந்தக் கணினிச் சிப்பைக் கண்ணாடி முகம் வானம் பார்க்க வைத்தார். மகள் மக்டலீன் காகத்துக்குப் பயந்து மேலே வலைத்துண்டு விரித்தாள். சிப்பில் எழுதியதை அழிக்கும் புற ஊதா விளக்கு மயிலிட்டியில் ஏது? வெயில்தான் அழிக்க வேண்டும். ஒரு கிழமை, ஏழு நாளாவது செல்லும்.

"இதையும் கருவாடாக்கப் போறியளோ?" என்றாள் மனைவி இராசாத்தி.

"ஓம். உப்பை மட்டும் போட்டிடாதை."

கப்பலில் மின்வேலை பார்த்த நீக்கிலாப்பிள்ளை, அங்கே கழித்துப்போட்ட சிறு கணினிப் பலகையொன்றைக் கொண்டுவந்து ஐஸ் ஆலையில் பூட்டியிருந்தார். அதற்கு இருந்தது இந்த ஒரே சிப். இரண்டு கிலோபைட் இடம். ஒவ்வொரு விசைக்கும் ஒரு கட்டளை. குளிரைக் காட்டு, பம்பை நிறுத்து. இப்போது இன்னொன்று வேண்டும்: குளிர் தரும் அமோனியா வாயுவின் வால்வை வெளியே இருந்தே மூடு. கடலில் இருந்து கடற்படையின் ஷெல் குண்டு வரும் காலம். குழாய் உடைந்தால் எவனாவது நஞ்சுக்குள் ஓடித்தான் வால்வைத் திருக வேண்டும். வால்வுக்கு மோட்டார் பூட்டியாயிற்று. கட்டளைக்குத்தான் சிப்பில் இடம் போதவில்லை.

எண்பத்து மூன்று கலவரத்தோடு பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் வந்த மக்டலீன், பிழைச் செய்திகளையெல்லாம் வெட்டி ஒரு கேள்விக்குறியாக்கினாள். இடம் கிடைத்தது.

"என்ன பிழையெண்டாலும் ஒரே கேள்வியோ? கொம்மா மாதிரியெல்லோ கிடக்கு!" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார் நீக்கிலாப்பிள்ளை.

வெயில் பாதி வேலைகூட முடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் முதல் ஷெல் கரையில் விழுந்தது. வள்ளத்தோடு மீனவன் யாகப்புவின் இரண்டு கால்களும் போயின. அடுத்தது ஆலைக் கூரையைப் பிளந்தது. வெள்ளைப் புகை கிளம்பியது. உள்ளே ஆலை வேலையாள் ஒருவன் அலறினான்.

நீக்கிலாப்பிள்ளை துவாயை நனைத்து முகத்தில் கட்டினார். மக்டலீன் அவர் சேட்டின் நுனியைப் பிடித்தாள்.

"வேண்டாம் அப்பா!"

"விடு பிள்ளை. உள்ளுக்கு செபநாயகம் கிடக்கிறான்."

கிழிந்த சேட்டுத் துண்டு அவள் கையில் மிஞ்சியது; அவர் புகைக்குள் ஓடினார். செபநாயகம் வெந்த கண்களோடு தவழ்ந்து வந்தான். புகை தணிந்தது, வால்வு மூடிவிட்டது. அப்போதுதான் மூன்றாவது ஷெல் சுவரைச் சரித்தது.

கல்லைப் பிரட்டினார்கள். தோல் உரிந்த அவர் கை வால்வுச் சக்கரத்தை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மக்டலீனே பிரித்தாள்.

சிப்பில் எழுதும் பெட்டி, திருத்தக் கொடுத்தபடி சுன்னாகத்தில் ரேடியோக் கடைத் தியாகராசாவிடம் இருந்தது. சனிக்கிழமை போய் எடுத்து வாறன் என்று நீக்கிலாப்பிள்ளை சொல்லியிருந்தார். அதைக் கட்டவென்று வெட்டிய டியூப் ரப்பர் அவருடைய சைக்கிள் கரியரில் கொளுவியபடி கிடந்தது.