வழக்குப் போட்டவரின் வாசலில் காளியாக நின்றேன்

குலசை முத்தாரம்மன் எனக்குச் செய்ததை எழுதும்படி என் மனைவி ரொம்ப நாளாகச் சொல்கிறாள். இனியும் தள்ளிப்போட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. அதனால் எழுதுகிறேன்.

நான் கொற்கைப் பக்கம், வயல்காரக் குடும்பம். தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியர் தேர்வு எழுதித் தேறினேன். சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்தது. பணி ஆணை வாங்கப்போகிற சமயத்தில் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் என்மேல் வழக்கு வந்தது. அறிவிப்பில் கேட்ட பட்டம் ஆங்கிலம், நான் படித்தது தகவல்தொடர்பு ஆங்கிலம், ஆகவே எனக்குத் தகுதி இல்லை என்றார்கள். போட்டவர் தரவரிசையில் எனக்கு அடுத்திருந்த பெண். சரிபார்ப்பு அன்று பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ ஒட்ட என்னிடம்தான் பசை வாங்கினார். பசையையும் வாங்கிக்கொண்டு வழக்கும் போட்டுவிட்டார்.

என் இடத்தை மட்டும் நிறுத்திவைத்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் ஆணை கொடுத்துவிட்டார்கள். எனக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தா. அடுத்த தேர்வு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வகுப்பில் பாடம் நடத்தும்போதே பாதியில் நின்றுவிடுவேன். படித்த படிப்பே பொய்யாகிவிட்டதோ என்று பயந்தேன்.

சாமி விஷயமெல்லாம் எங்கள் வீட்டில் மனைவியின் பொறுப்பு. ஒருநாள் சாவகாசமாகச் சொன்னாள்:

"நீங்க தசராவுக்குக் காளி வேசம் கட்டுவியன்னு அம்மன்ட்ட நேந்துட்டேன். இனி மாத்த முடியாது."

நேர்ந்தது அவள், கட்ட வேண்டியது நான். மாலை போட்டு விரதம் இருந்தேன். தினமும் என் வேண்டுதல் ஒன்றுதான்: அந்தப் பெண் தோற்க வேண்டும்.

தசரா வந்தது. முகத்தில் சாயம், கோரப்பல், தலையில் கழுத்தை ஒடிக்கிற கிரீடம். வேசம் கட்டிய எங்கள் ஊர்க் குழுவோடு, கோயிலில் செலுத்தக் காணிக்கை வாங்க வீடு வீடாகப் போனேன். ஆத்தூர் பக்கம் ஒரு வீட்டுக் கதவு திறந்தது. நின்றது வழக்குப் போட்ட அவர்தான். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. காணிக்கை போட்டுவிட்டுக் கும்பிட்டார்.

"தாயி, கோர்ட்டுல ஒரு கேசு கெடக்கு. எனக்கு அந்த வேல கெடைக்கணும். ஒரு நல்ல வாக்கு சொல்லு."

அவர் கண் கலங்கியிருந்தது. கிடைக்கும் என்றால் என் வேலை போகும். ஆனால் காளி கட்டியவன் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. குங்குமத்தை எடுத்து அவர் நெற்றியில் வைத்தேன்.

"கெடைக்கும் மகளே, போ."

மனமார்ந்து சொன்னேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வாசலுக்குப் போகும்போது கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் தோற்க வேண்டும் என்று என்னால் கும்பிட முடியவில்லை. அம்மன் பெயரில் வாக்குக் கொடுத்துவிட்டு அம்மனிடமே எப்படி மாற்றிக் கேட்பது? குலசை போய்க் காணிக்கையை உண்டியலில் போட்டபோது, "தாயே, ரெண்டு பேருக்கும் வழி பண்ணு" என்றேன். அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

பொங்கலுக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. என் பட்டம் சமமானது என்று அறிவிப்புக்கு முன்பே அரசாணை இருந்ததால் என் தேர்வு செல்லும் என்றது நீதிமன்றம். வீட்டில் மனைவி அழுதாள். நானும் அழுதேன். ஆனால் என் வாயால் சொன்ன வாக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆணை வாங்கப் போன இடத்தில் அவரும் இருந்தார். தேர்வான ஒருவர் கல்லூரி வேலை கிடைத்து இங்கே சேராமல் விட்டதால், அந்த இடம் அவருக்கு வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தயங்கித் தயங்கி வந்தார்.

"வருத்தம் வச்சுக்கிடாதிய சார். எங்க வீட்டுக்கு வந்த காளி அன்னைக்கே கெடைக்கும்னு சொல்லிச்சு."

"அப்படியா, நல்லது" என்றேன்.

இப்போது வருடந்தோறும் நானே ஆசைப்பட்டு மாலை போடுகிறேன். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது வழக்கு இருக்கலாம், பகை இருக்கலாம். அம்மனிடம் சொல்லுங்கள். எதிராளி பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். அவர் வீட்டு வாசலுக்கும் அவள்தான் போகிறாள்.