பூட்டு சாவிக்கு ஓட்டுக் கேட்டோம்

ஓட்டுக் கேட்கும் வேலையில் சம்பளம் கிடையாது. ஆனால் படியேறும் வீட்டிலெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீர் நிச்சயம். வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவு, ஓட்டுப் போய்விடும். குடித்தாலோ ஒதுங்க இடம் தேடி ஊர் முழுக்க அலைய வேண்டும். வெயிலில் வீடு வீடாகப் போன பெண்களுக்கு நான் சொல்வது புரியும். கூட வந்த ஆண்களுக்கு வேலி ஓரம் போதும், அவர்களுக்கு என்ன கவலை!

நான் திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருந்தவள். தொண்ணூறுகளில் ஒரு பெண்கள் சங்கத்தில் சேர்ந்தேன். உள்ளாட்சியில் பெண்களுக்கு இடம் ஒதுக்கியதும், வசதியான வீட்டுக்காரர்கள் தங்கள் மனைவியை நிறுத்துவதற்கு முன்னால் நம் ஆட்களை நிறுத்திவிட வேண்டும் என்று சங்கத்தில் முடிவானது. எனக்கு விழுந்தது எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பஞ்சாயத்து. அங்கே தண்ணீர்த் தொட்டியின் வால்வு பழைய தலைவரின் தோட்டத்துக்குள் இருந்தது. ஊர்த் தெருக்களுக்கு விட்டு, அவருடைய தென்னைக்கும் விட்டு, மிச்சம் இருந்தால் காலனிக்கு வரும். பெரும்பாலும் மிச்சம் இருக்காது. காலனிப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக் கிணற்றுக்கு நடப்பார்கள். அந்த வால்வுக்காகத்தான் அத்தனை பாடும்.

யாரிடம் கேட்பது?

காலனியில் பாக்கியம் என்று ஒருத்தி இருந்தாள். நூல் மில்லில் வேலை. காலிக் குடங்களோடு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒன்றிய அலுவலக வாசலில் உட்கார்ந்தவள். அவளைத்தான் நிறுத்துவது என்று போனோம். அவள் மில்லிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நாங்கள் வழக்கப்படி அவள் வீட்டுக்காரரை உட்காரவைத்து ஆரம்பித்தோம். பெண்ணுரிமை, ஊர் முன்னேற்றம், தண்ணீர் என்று நான் மூச்சுவிடாமல் பேசினேன். அவரும் பாவம், தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பெண்ணுரிமைச் சங்கத்திலிருந்து போனவர்கள் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாக்கியம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் எதிரே உட்கார்ந்தாள். "ஏங்கக்கா, எலெக்சன்ல நிக்கிறது அவரா, நானா? நாந்தான்னா என்னைக் கேளுங்க. அவரு மாட்டுக்குத் தண்ணி காட்டணும், போகட்டும்."

மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு

பழைய தலைவர் தன் மனைவியை நிறுத்தியிருந்தார். சுவரொட்டியில் அந்த அம்மாவின் படம் ரேஷன் கார்டு அளவில் இருந்தது. அவருடைய படம் கதவு அளவில். காலனியிலிருந்து ஒருத்தி மனுக் கொடுத்ததை ஊரில் யாரும் எதிர்பார்க்கவில்லை. வாபஸ் வாங்கக் கடைசி நாள் காலையில், ஊர் கூடும் மந்தைக்கு வரச் சொல்லி அவளுக்கு ஆள் வந்தது. நானும் கூடப் போனேன். ஊர்ப் பெரிய மனிதர்கள் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பழைய தலைவர்தான் பேசினார். குரலில் தேன் சொட்டியது. "இந்தாத்தா, ஊரு ஒத்துமையா இருக்கணும். நீ வாபஸ் வாங்கிரு. உங்க தெருவுக்குத் தனியாக் கொழா போட்டுத் தாரோம், இது மந்தையில சொல்ற வாக்கு." ஒத்துக்கொள்வாளோ என்று எனக்கு ஒரு பயம், மறுத்தால் என்ன ஆகுமோ என்று இன்னொரு பயம். பாக்கியம் குரலை உயர்த்தவே இல்லை. "ரொம்பச் சந்தோசம்ங்கய்யா. வாபசுக்கு மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு. இப்பவே ஆள விட்டுக் கொழாயப் போடச் சொல்லுங்க. தண்ணி வந்ததும் நானே போயி வாபஸ் வாங்கிட்டு வாரேன்."

யாரோ இருமினார்கள். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கடைசியில் பழைய தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தது எங்கள் காதுவரைக்கும் கேட்டது: "இவளக் கூப்பிட்டதே தப்புய்யா. கூப்பிட்டம், சரி, பேச விட்டது அதைவிடத் தப்பு."

சாவி எங்கே?

பாக்கியத்துக்குப் பூட்டு சாவிச் சின்னம் கிடைத்தது. திண்டுக்கல்காரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! நாகல்நகரில் எனக்குத் தெரிந்த பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவர், கையால் செய்த பெரிய பூட்டொன்றைப் பிரச்சாரத்துக்கு இரவல் கொடுத்தார். எல்லாரும் பார்க்கட்டும் என்று அதை, எங்களை ஊர் ஊராகக் கூட்டிப்போன அந்தோணியின் ஆட்டோ முன்கம்பியில் மாட்டிப் பூட்டினேன். சாவியை எந்த வீட்டு வாசலில் வைத்தேனோ, தெரியாது. தேர்தல் முடியும்வரை அந்தப் பூட்டு ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் டங் டங்கென்று அடித்துக்கொண்டே வந்தது. மைக் செட் வைக்காமலே ஆட்டோ வருவது ஊருக்குத் தெரிந்துவிடும்.

அந்தோணி ஊரில் உள்ள சாவியெல்லாம் போட்டுப் பார்த்தார், கம்பியால் குடைந்தார், அந்தோணியார் பெயரைச் சொல்லித் தட்டியும் பார்த்தார். கடைசியில் மன்னிப்புக் கேட்கப் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்: "வேற சாவிக்குத் தொறந்திருந்தாத்தாம்மா நான் தொழில விட்டுருக்கணும்."

வேனில் ஏறிய ஓட்டு

ஊர்த் தெருக்களுக்குள் ஓட்டுக் கேட்டுப் போவதுதான் பெரிய பாடு. எங்களைப் பார்த்ததும் கதவு சாத்திக்கொள்ளும். சில வீடுகளில் அந்தத் தண்ணீர்ச் சொம்பும் வராது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மில் வேனிலாவது பிரச்சாரம் செய் என்று பாக்கியத்தை நச்சரித்தேன். ஊர்ப் பெண்களும் காலனிப் பெண்களும் ஒன்றாகப் போகும் வண்டி அது ஒன்றுதான். அவள் கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து வேனில் தூங்குகிற பிள்ளைகளை எழுப்பக் கூடாது என்றாள். இதென்ன வேட்பாளர் என்று நான் அந்தோணியிடம் புலம்பினேன்.

ஒருநாள் ஊர்த் தெருவில் தனம் என்கிற பெண் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமனார் மந்தையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர். நான் நோட்டீசை நீட்டினேன். அவள் வாங்கவில்லை, வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். மில்லில் மெசினில் தன் கை மாட்டியபோது ஓடிவந்து மெசினை நிறுத்தியது பாக்கியம் என்றும், ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் தன் வேலையையும் அவளே சேர்த்துப் பார்த்தாள் என்றும் கிசுகிசுத்தாள். வேனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தை மாற்றிச் சாப்பிடுகிறவர்களாம். பிறகு குரலை இன்னும் தணித்துக்கொண்டாள்: "டெய்லரக்கா, நீங்க செத்த நேரம் நின்னாலும் எங்க மாமா முழிச்சுக்குவாரு. எங்க தெரு ஓட்டெல்லாம் வேன்லயே ஏறிருச்சு, பேசாமப் போங்க."

அளவெடுத்து வெட்டிய சீட்டு

அப்போதெல்லாம் கிராமத்து உள்ளாட்சித் தேர்தலில் ஒருவர் கையில் நாலு சீட்டுக் கொடுப்பார்கள், நாலும் வேறு வேறு நிறம். தலைவருக்கு ரோஸ் நிறம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குழம்பிவிடக் கூடாதே என்று, நான் ரோஸ் தாள் வாங்கி, அசல் சீட்டு அளவுக்கே கத்தரித்து, சின்னங்களையும் வரைந்து காலனிக்கு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். வெண்டைக்காய்க் காம்பை வெட்டி மையில் தொட்டுக் குத்தப் பழக்கினேன். எப்படி மடிப்பது என்றும் காட்டினேன். எனக்கே என் வேலை மேல் பெருமையாக இருந்தது.

ஓட்டுப் போடும் நாளில் பள்ளிக்கூடத்துக்கு எட்ட நின்றுகொண்டிருந்தேன். வெள்ளத்தாயி என்கிற வயதான அம்மா வெற்றி வீராங்கனைபோல நடந்து வந்து, முந்தானையிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தாள். அசல் ரோஸ் சீட்டு! "ஆத்தா, நீ குடுத்த சீட்டுல பூட்டு மேல நச்சுனு குத்திப் பெட்டிக்குள்ள போட்டுட்டேன். உள்ள அவுகளும் ஒண்ணு குடுத்தாக. புதுசா இருக்கே, உனக்கு ஆகுமேன்னு பத்திரமாக் கொண்டாந்தேன்."

அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். போலீஸ்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி அதிகாரியை வெளியே வரவழைத்து ஒப்படைத்தேன். இன்னும் எத்தனை பேர் இப்படிச் செய்தார்களோ! அந்த அதிகாரி நல்ல மனிதர், கத்தவில்லை. மாதிரிச் சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அசலின் மேல் வைத்து ஓரம் பொருந்துகிறதா என்று பார்த்தார். "ஏம்மா, கவர்மென்ட் சீட்டே இம்புட்டு நேரா வெட்டலையே!"

தோற்ற மறுநாள்

பழைய தலைவரின் மனைவியிடம் தோற்றுப்போனோம். கொஞ்ச ஓட்டில்தான் தோற்றோம் என்பது இன்னும் வலித்தது. பெட்டியைக் கொட்டி எண்ணும்போது நான் வெட்டிய சீட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பூட்டு மேல் கச்சிதமாக முத்திரை, ஒன்றுகூடச் செல்லாது. அழுதுகொண்டே பஸ் ஏறினேன். கடை திறக்கப் பிடிக்கவில்லை. பாக்கியம் முகத்தில் எப்படி முழிப்பது?

மறுநாள் போனால், காலனிக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது! பழைய தலைவர் ஓட்டு எண்ணும் இடத்தில்தான் இருந்தார். தன்னுடைய தெருக்களின் பெட்டியிலிருந்தும் பூட்டு சாவிக்கு ஓட்டு வந்து விழுந்ததைப் பார்த்துவிட்டார். எந்தெந்த வீடு என்று தெரியாமல் அவருக்குத் தூக்கம் போயிருக்க வேண்டும். அடுத்த தேர்தலை நினைத்து, விடிந்ததும் ஆள் அனுப்பி வால்வைத் திறந்துவிட்டிருக்கிறார். பாக்கியம் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "எதுக்குக்கா அழுவுறீங்க? தோத்ததுக்கே தண்ணி வந்துருச்சு. அடுத்த தடவையும் நிப்பேன்னு ஊருக்குள்ள சொல்லி வையுங்க, ரோடும் போட்டுருவாக."

நாற்காலி

ரோடு போடவில்லை. தண்ணீரும் சில மாதத்தில் பழையபடி தென்னைக்குத் திரும்பியது. அடுத்த தேர்தலில் பாக்கியம் சொன்னபடியே நின்றாள். இந்த முறை மாதிரிச் சீட்டைச் செய்தித்தாளில், கோணல் மாணலாக, வேண்டுமென்றே வெட்டிக் கொடுத்தேன். ஜெயித்துவிட்டாள். அந்தோணி ஆட்டோ மேல் ஏறி ஆடினார்.

பதவியேற்ற மறுநாள் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனால், தலைவர் நாற்காலியைக் காணோம். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று எழுத்தர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மேசைக்கு முன்னால் பாய் விரித்திருந்தது. அவள் எங்கே உட்கார வேண்டும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுத்தரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். பாக்கியம் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மேசைக்குப் பின்னால் போய் நின்றாள். நின்றபடியே முதல் தீர்மானத்தைச் சொன்னாள்: வால்வுக்கு இனிமேல் பஞ்சாயத்து ஆள், எல்லாத் தெருவுக்கும் முறை வைத்துத் தண்ணீர். எழுத்தர் எழுதி நீட்டினார். குனிந்து கையெழுத்துப் போட்டாள். பாயை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று அவளைப் பார்த்தபோது வந்த மரியாதை எனக்கு இன்றுவரை வேறு யார் மேலும் வந்ததில்லை.

அந்த நேரம் மில் வேன் வந்து நின்றது. பெண்கள் இறங்கி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்த தனத்தை மட்டும் திடீரென்று காணவில்லை. கொஞ்ச நேரத்தில் ஊர்த் தெரு முழுக்கப் பார்க்க, தலையில் ஒரு தேக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். மூச்சு வாங்க அதை மேசைக்குப் பின்னால் வைத்து முந்தானையால் துடைத்தாள். நான் அழுதேவிட்டேன். "எங்க மாமா சேருதான், அவரு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. வீட்டுல நான் பதில் சொல்லிக்கிறேன். நீ உக்காருக்கா."

அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தலில் வேலை செய்துவிட்டேன். ஆனாலும் யாராவது மேடையேறி "பாக்கியத்தை உருவாக்கியதே எங்கள் சங்கம்தான்" என்று ஆரம்பித்தால், எனக்கு மட்டும் எங்கிருந்தோ இருமல் வந்துவிடுகிறது.