பிலிம் இல்லாத கேமரா முன் நின்ற அண்ணன்

எதிர்ப்பக்கத்தில் இருக்கும் வண்ணப்படத்தை முதலில் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கே வாருங்கள். அந்தப் படத்துக்காகத்தான், அச்சுக்குப் போன அண்ணனின் இந்த நினைவு மலரை நிறுத்தி, முன்பு கொடுத்த கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு இதை எழுதுகிறேன். பத்து நாளாகக் கால் தரையில் நிற்கவில்லை. எழுபத்தாறு வயதில் ஒரே போட்டோவை நாளுக்கு இருபது தடவை எடுத்துப் பார்க்கிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அண்ணன் கீழச்சிவல்பட்டியில் பிறந்தவர். எங்கள் தகப்பனாருக்குத் தச்சுவேலை. அண்ணன் எட்டாம் வகுப்போடு உளியைக் கையில் எடுத்தார். அதனால் நான் படித்தேன், சிவகங்கையில் வேதியியல் ஆசிரியரானேன். கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் நிலைக்கதவுகளைச் சரிசெய்தபோது, வேலையில் மகிழ்ந்துபோன அந்த வீட்டு ஆச்சி, மலேயாவிலிருந்து வந்த பழைய கேமரா ஒன்றை அவருக்குக் கொடுத்தார்கள். அண்ணன் அதன் வழியாக ஒரு தடவைகூடப் பார்க்காமல் என்னிடம் நீட்டினார். "படிச்சவன் நீ. உனக்குத்தான்ப்பா இது பிடிபடும்" என்றார்.

இன்று நினைத்தாலும் விரல்கள் துடிக்கும் கேமரா அது. மூடியைத் திறந்தால் தோல் துருத்தி முன்னால் நீண்டு வரும். முதுகில் சிவப்புக் கண்ணாடி பதித்த சின்னத் துளை. அடுத்த எண் அதில் தெரியும்வரை குமிழைத் திருக வேண்டும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம், அவ்வளவுதான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனால் எந்த விசேஷ வீட்டிலும் என்னை முன்வரிசைக்கு அழைத்தார்கள். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தங்கையின் கல்யாணத்தில் பந்தல்கால் முதல் பந்தி வரை எல்லாம் அண்ணன் தலையில்தான். கடைசிப் பந்தியும் முடிந்த பிறகே முகம் கழுவி, புதுச் சட்டை போட்டு, மதினியோடும் மூன்று வயது மகள் வள்ளியோடும் என் முன்னால் வந்து நின்றார். பிள்ளையைப் படம் எடுத்தால் கண்பட்டுவிடும் என்று மதினி அதுவரை யாரையும் எடுக்க விட்டதில்லை. அன்றுதான் முதல் தடவையாகச் சம்மதித்திருந்தார்கள்.

அதற்குள் பிலிம் தீர்ந்திருந்தது. கடைசி மூன்று படங்களை என்னோடு வேலை பார்த்த நண்பர்களுக்காகச் செலவழித்துவிட்டேன். அதைச் சொல்ல வெட்கம். கூட்டம் நெருக்கினால் பிலிம் இல்லாமல் வெறும் பிளாஷை அடித்து ஆட்களை அனுப்பிவிடும் வழக்கம் அந்நாளில் போட்டோக்காரர் சிலரிடம் உண்டு. அதையே நான் செய்தேன், என்னைப் படிக்க வைத்தவருக்கு. குமிழைத் திருகினேன். "பாப்பாவ இங்குட்டுப் பாக்கச் சொல்லுங்கண்ணே" என்றேன். பிளாஷ் அடித்தேன். நம்பிக்கை வரட்டும் என்று இன்னொன்றும் அடித்தேன்.

அண்ணன் கேட்டபோதெல்லாம் இன்னும் பிரிண்ட் வரவில்லை என்று தள்ளிப்போட்டேன். எட்டு மாதத்தில் மூளைக்காய்ச்சல் கண்டு வள்ளி போய்விட்டாள்.

அடுத்த மாதம் அண்ணன் பஸ் ஏறி என் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். அந்தப் படத்தைக் கேட்டார். கழுவும்போது ஸ்டுடியோவில் கெடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் என் தோளில் கைவைத்து, "விடு, நீ என்னப்பா செய்வ" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார். அதன்பின் நம் உறவினர் பலர் அந்த ஸ்டுடியோவில் பிலிம் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதை நடத்தியவர் இன்று இல்லை. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணன் காரைக்குடியில் பட்டறை போட்டு, இரண்டு மகன்களை ஆளாக்கினார். தான் செய்த கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொண்டால், கூப்பிடாமலே போய் இழைத்துக் கொடுத்துவிட்டு வருவார். கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூன்று நாள் நான்தான் பக்கத்தில் இருந்தேன். நினைவு தெளிவாக இருந்தது. ஊர்க்கதை எல்லாம் பேசினோம். இதை மட்டும் நான் சொல்லவில்லை.

இந்த மலருக்காக மகன்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பழைய படங்களைக் கேட்டார்கள். செய்தி அண்ணனின் நண்பரான பாயின் மகளுக்கும் எட்டியது. சிங்கப்பூரில் கடை வைத்திருந்த பாய், விடுப்பில் வந்து அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தவர், காலமாகிவிட்டார். அவர் எடுத்த கலர் ஸ்லைடுகள் அவருடைய காரைக்குடி வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தனவாம். மகள் அவற்றை ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பி, போனில் சொன்னார்: "மாமா, அத்தா எடுத்ததுல உங்க முதுகு தெரியுற மாதிரி ஒண்ணு இருக்கு, பாருங்க."

பார்த்தேன். இடது ஓரத்தில் குனிந்து நிற்கும் முதுகு என்னுடையது. அண்ணனும் மதினியும் என் கேமராவையே பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் தெரிகிறார்கள். அண்ணன் தன் கையிலிருக்கும் வள்ளியின் கன்னத்தில் இரண்டு விரலை வைத்து, முகத்தை என் பக்கம் திருப்பப் பார்க்கிறார். அவள் திரும்பவில்லை. பாய் நின்ற பக்கம் முழு முகத்தையும் காட்டி, பல் தெரியச் சிரிக்கிறாள். பிலிம் இருந்த கேமராவை அவள் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலையிலேயே மதினியிடம் ஓடினேன். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்கள். "பாவாடை மஞ்சளு. நான் பச்சைன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்கள். பிறகு சிரித்தார்கள். "உங்க அண்ணனப் பாருங்க, பித்தானை மாத்திப் போட்டுக்கிட்டு நிக்கிறாக."

அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மதினி திட்டவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்கள்:

"இல்லைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, வேற ஆருகிட்டயாச்சும் இருக்கான்னு அவுக கேட்டிருப்பாக தம்பி. பாய் கேமராவோட நின்னது எனக்கே ஞாபகம் இருக்கே. எடுத்த படம் கெட்டுப்போச்சுன்னுதான நாங்க தேடவே இல்ல."

ஐம்பது ஆண்டு காலம் அந்தப் படம் காரைக்குடியிலேயே, அண்ணன் பட்டறைக்கு நான்கு தெரு தள்ளி இருந்திருக்கிறது.

பாயின் மகளுக்கும், அண்ணனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும், மலரை நிறுத்திக் காத்திருந்த அச்சகத்தாருக்கும் குடும்பத்தின் சார்பில் வணங்கி நன்றி சொல்கிறேன்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலரிடமும் நான் வெறும் பிளாஷ் அடித்திருக்கிறேன். தங்கை கல்யாணத்தில் கடைசிப் பந்திக்குப் பிறகு வந்து நின்றவர்கள், அத்தை வீட்டுக் காதுகுத்தில் வாசற்படியில் வரிசையாக நின்ற பெண்கள், சித்தப்பா வீட்டுப் புதுமனை விழாவில் கிணற்றடியில் நின்ற குடும்பம். உங்கள் படங்கள் கெட்டுப்போகவில்லை. நான் எடுக்கவே இல்லை. அன்று உங்கள் பக்கத்தில் வேறு யார் கேமராவோடு நின்றார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவர்கள் வீட்டில் இன்றே போய்க் கேளுங்கள்.